சோதித்தவர்: குமரவேல், நெல்லிக்குப்பம்

பேட்ச் பொறுக்கும் வேலையை இப்போது ஒரு புரோகிராமே செய்துவிடுகிறதாம். எங்கள் பழைய குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் போன மாதம் எனக்கு எழுதியிருந்தாள். "நீங்கள் கையால் பொறுக்கிய காலத்தில் எப்படிப் பொறுக்கினீர்கள் மேடம்? யாரை நம்பிப் பொறுக்கினீர்கள்?" முதல் கேள்விக்கு அரைப் பக்கத்தில் பதில் எழுதிவிடலாம். இரண்டாவதற்கு அப்படி முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் குமரவேல்தான் வந்து நிற்கிறார்.

என் பெயர் ஜெயராணி. திருச்சியில் கணிதம் படித்துவிட்டு, சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் சேர்ந்து, அந்தோணியைக் கல்யாணம் செய்துகொண்டு நெய்வேலிக்கு வந்தேன். அவர் மைன்ஸில் கன்வேயர் பகுதியில் ஷிஃப்ட் பார்த்தார். வேலையை விட்டுவிடலாம் என்று நான் இருந்தபோது, வீட்டிலிருந்தே செய்யலாம் என்று நிறுவனம் ஒரு வேலையைக் கொடுத்தது. மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய வேலை அது.

உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து எழுதுகிற, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு பெரிய இயங்குதளம். அதன் புதிய பதிப்பு வந்துகொண்டே இருக்கும். ஆனால் ஆஸ்பத்திரியும் பேங்க்கும் ரயில்வே கவுண்டரும் ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் மாற மாட்டார்கள். ஒரு பழைய பதிப்பைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுவார்கள். புதியதில் ஒரு பிழையைச் சரிசெய்தால், அந்தத் திருத்தத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பழையதில் ஒட்ட வேண்டும். அந்தத் துண்டுக்குப் பெயர்தான் பேட்ச். நாங்கள் புதியதை முதன்மைக் கிளை என்போம், மற்றதைப் பழைய கிளை என்போம். பழைய கிளையில் டிஸ்க்கில் எழுதும் பகுதி என் பொறுப்பு. புதியதை எழுதியவனுக்குப் பேர் கிடைக்கும். பழையதைப் பார்த்துக்கொள்கிறவளை, ஏதாவது கெட்டுப்போனால்தான் யாருக்கும் தெரியும்.

வேலை நடக்கும் விதம் இது. பேட்சுகள் மெயிலில் வரும். முதன்மைக் கிளையில் ஏற்கெனவே சேராத எதையும் நான் தொடக்கூடாது. புது வசதி கூடாது. அழகுபடுத்துவது கூடாது. என்ன பிழை, யாருக்கு எப்படித் தெரிந்தது என்று மேலே எழுதியிருக்க வேண்டும். எடுத்தவற்றை வரிசைப்படுத்துவேன், மூன்றாவது பேட்ச் முதலாவதை நம்பி நிற்கும், இடம் மாறினால் எல்லாம் சரியும். ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் இயங்குதளத்தை முழுதாகத் தொகுத்து, ஓடுகிறதா என்று பார்ப்பேன். பிறகு வரிசை மொத்தத்தையும் எல்லாருக்கும் அனுப்பிவிட்டு ஆட்சேபம் வருகிறதா என்று காத்திருப்போம். ஒவ்வொரு பேட்சின் அடியிலும் பெயர்கள் இருக்கும்: எழுதியவர், சரிபார்த்தவர், சோதித்தவர். அந்தப் பெயர்கள் அழியாது. அந்த இயங்குதளம் இருக்கிற வரைக்கும் இருக்கும்.

பழைய கிளைகளுக்கெல்லாம் தலைவர் ஹென்ரிக். வட ஐரோப்பாக்காரர். நான் அவர் குரலைக் கேட்டதே இல்லை. எத்தனை பெரிய பிரச்சினையாக இருந்தாலும் அவர் பதில் ஒரு வரிதான். கோபப்பட மாட்டார், பாராட்டவும் மாட்டார். நான் முதன்முதலாக அனுப்பிய வரிசையை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். "இதற்காக ஓர் ஆஸ்பத்திரி தன் மெஷினை ஏன் நிறுத்திப் போட வேண்டும்?" என்று மட்டும் எழுதியிருந்தார். அன்றைக்கு அழுதேன். மறுநாள் அந்தக் கேள்வியை ஒவ்வொரு பேட்சாகக் கேட்டுப் பார்த்தேன். பாதிக்குமேல் கழன்று விழுந்தன. சந்தேகம் என்று எதை எழுதினாலும் அவர் கேட்பது இன்னொரு கேள்வி: "நீ பார்த்தது என்ன?" நினைத்தது, கேள்விப்பட்டது, இருக்கலாம் என்பது எதுவும் அவரிடம் செல்லாது.

டிஸ்க் பகுதிக்கு முக்கியமான சோதனை, எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் என்ன ஆகிறது என்பது. நெய்வேலியில் அது ஒரு கஷ்டம். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற ஊர். எங்கள் குவார்ட்டர்ஸில் லைட் சிமிட்டுவதுகூட அபூர்வம். அதனால் பின்னறையில் மூன்று பழைய கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு, நானே பிளக்கைப் பிடுங்குவேன். அந்தோணி ஷிஃப்ட் முடிந்து வந்தால் அவரும் பிடுங்குவார். "ஊருக்கே கரண்ட் அனுப்பிட்டு வரேன், வீட்டுல வந்து புடுங்கிப் போடுறேன்" என்பார்.

நெல்லிக்குப்பத்தில் அந்தக் கஷ்டம் இல்லை. தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் கரண்ட் வெட்டிய வருடங்கள் அவை. குமரவேல் அங்கே இருந்தார். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர், பிறகு வீட்டோடு ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தார். யாரும் சம்பளம் கொடுக்காமல், ஆசைக்காக எங்கள் குழுவில் சோதனை செய்தார். முதல் தடவை பேசியபோது, "எங்க வூட்டுல கரண்ட் போறதுக்குப் பஞ்சமா மேடம்? நான் சும்மா குந்திகினு இருந்தாலே டெஸ்ட் ஆயிடும்" என்றார். அவர் அறிக்கை மாதிரி யாரும் எழுத மாட்டார்கள். எந்த டிஸ்க், அதை மெஷினோடு இணைப்பது எந்தக் கார்டு, எத்தனை கோப்பு, மெஷின் எழுந்து வந்தபிறகு எது எப்படி இருந்தது, எல்லாம் இருக்கும். நாளாக நாளாக, அவர் பெயர் அடியில் இருந்தால் ஹென்ரிக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். நானும் பிளக் பிடுங்குவதைக் குறைத்துவிட்டேன்.

அந்த வருடம் பலாப்பழ சீசனில் ஒரு பெரிய ஓட்டை பிடிபட்டது. ஒருவர் அழித்த கோப்பின் மிச்சத்தை, அதே மெஷினில் இருக்கும் இன்னொருவர் படித்துவிட முடியும். ஆஸ்பத்திரிக் குறிப்பென்றாலும் பேங்க் கணக்கென்றாலும் இதேதான். இப்படிப்பட்டதை உடனே வெளியே சொல்ல மாட்டார்கள். திருத்தம் தயாராகும்வரை ஒரு சிறு குழுவுக்குள் வைத்திருந்து, எல்லா நிறுவனங்களும் ஒரே நேரத்தில் வெளியிடுவார்கள். நாள் குறித்தாகிவிட்டது. அந்த நேரத்துக்குத் திருத்தம் இல்லாத கிளை திறந்த வீடாக நிற்கும்.

வெளியீட்டுக்கு முந்தைய நாள் காலை குமரவேலின் அறிக்கை வந்தது. கரண்ட் போன பிறகும் எல்லாம் சரி. சோதித்தவர்: குமரவேல். வரிசையில் சேர்க்கப் போனேன். வழக்கமான அறிக்கைதான், எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் மெஷின் விவரத்தில் ஒரு டிஸ்க் கார்டின் பெயர் இருந்தது. பழைய கார்டு, எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான் உண்டு. வேறொரு பிழைக்காக நான் கேட்டு, அந்தோணியோடு வேலை செய்கிற நெல்லிக்குப்பத்துக்காரர் கையில் குமரவேல் கொடுத்தனுப்பியிருந்தார். அது அப்போது என் மேஜைமேல், என் கண்ணெதிரே கிடந்தது.

இல்லாத கார்டில் எப்படிச் சோதித்தார்?

போன் அடித்தேன், எடுக்கவில்லை. பின்னறைக்குப் போய் அந்தக் கார்டை மாட்டி, வரிசை முழுவதையும் ஏற்றி, கோப்புகள் எழுதிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பப் போட்டேன். மெஷின் அழகாக எழுந்து வந்தது. கோப்புகளின் பெயர்களெல்லாம் இருந்தன. ஆனால் கடைசியாக எழுதியவற்றின் அளவு சைபர். உள்ளே ஒன்றுமில்லை. கார்டைக் கழற்றிவிட்டு வேறு டிஸ்க்கில் பார்த்தேன், அதே சைபர். ஓட்டையை அடைக்கிற பேட்ச் கோப்பையே தின்றது.

ஹென்ரிக்குக்கு எழுதினேன். நான் பார்த்ததை மட்டும். பதில் உடனே வந்தது: "குமரவேல் வேறு மாதிரி பார்த்திருக்கிறார், யாரை நம்ப?"

அந்த வரியை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறிக்கை பொய் என்று எழுதினால், இத்தனை வருடம் அவர் பெயர் போட்ட ஒவ்வொன்றும் சந்தேகமாகிவிடும். அந்த மனிதருக்கு அந்தப் பெயர் ஒன்றுதான் சம்பளம். எழுதாமல் மழுப்பினால் நேரம் போகும். "மாலைக்குள் சொல்கிறேன்" என்று எழுதிவிட்டு பஸ் ஏறினேன்.

பண்ருட்டி பஸ். காடாம்புலியூரில் ரோட்டோரம் பலாப்பழம் மலையாகக் குவித்திருந்தார்கள். பஸ் முழுக்க அந்த வாசனை. பண்ருட்டியில் மாறி நெல்லிக்குப்பத்தில் இறங்கி விசாரித்துப் போனேன். அதுவரை அவரை நேரில் பார்த்ததில்லை. கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அவர் மனைவி மலர்க்கொடிதான் கதவைத் திறந்தார். பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"வாங்கக்கா. அவர் உள்ள கீறாரு" என்றார்.

குமரவேல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் நிலைவாசலில் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பினார். ஆனால் பார்வை என் தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"யாரு மலரு?"

"நெய்வேலி மேடம் வந்துகீறாங்க."

அவர் எழுந்து கும்பிட்டார். நாற்காலியைக் கையால் தேடித் தடவிக்கொண்டுதான் எழுந்தார். எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

"எப்பத்திலேர்ந்து?" என்றேன்.

"சுகரு மேடம். கண்ணுல ரத்தம் கட்டிகினு போச்சு. பொங்கலுக்கு முன்ன ஒரு கண்ணு. அப்புறம் இன்னொண்ணும் மங்கிடுச்சி. வெளிச்சம் தெரியுது, ஆளு தெரியுது. எழுத்து தெரியலை."

"அப்ப இந்த டெஸ்ட்?"

"டெஸ்ட் பண்ணேங்க. சத்தியமா பண்ணேன். கரண்ட் போச்சு, வந்துச்சு, மெஷின் பீப் அடிச்சி எழுந்துச்சி. டிஸ்க் ஓடுற சத்தம் சரியா இருந்துச்சி." கொஞ்சம் நிறுத்தினார். "பார்க்கலை. அவ்வளவுதான்."

"கார்டு பேரு?"

"பழைய ரிப்போர்ட்ட எடுத்து ஒட்டினேன். படிக்க முடியலைங்களே."

எனக்குக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியாமல், கோப்புகள் சைபர் ஆனதைச் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், மெஷின் கோளாறுன்னு எழுதிடலாங்களா?" என்றார் மெதுவாக. "இந்த ஒண்ணுக்கு மட்டும். அப்புறம் நான் ஒதுங்கிடுறேன்."

எழுதியிருக்கலாம். அந்த ஒரு பேட்சை அன்றே வரிசையிலிருந்து நீக்கியிருப்பார்கள். ஆனால் பொங்கலிலிருந்து வெளியே போனவை? அவை ஏற்கெனவே ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தன. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கதவோரம் நின்ற மலர்க்கொடி பேசினார்.

"ஆறு மாசமா நான் சொல்லிகினே கீறேன், அவங்களாண்ட சொல்லிடுன்னு. அக்காவ எழுதச் சொல்லாத. நீ எழுது. ஒனக்குத்தான் பாக்காமயே டைப் அடிக்க வருதே."

குமரவேல் கீபோர்டை இழுத்துக்கொண்டார். ஹென்ரிக்குக்கு அடிக்கத் தொடங்கினார். விரல்கள் தடுமாறவே இல்லை. அடித்ததை நான் திரையில் பார்த்து வாசித்துக் காட்டினேன். ஒரு சொல்லை மாற்றச் சொன்னார், ஓர் எழுத்துப் பிழையை நான் சொல்லித் திருத்தினார். 'இந்த வருடத் தொடக்கத்திலிருந்து எனக்குத் திரை தெரியவில்லை. தெரிவதாக எழுதி வந்தேன். இவற்றில் என் பெயரைக் கணக்கில் எடுக்காதீர்கள்.' அதற்கடியில் ஒவ்வொரு பேட்சாக நினைவிலிருந்தே சொல்லிச் சொல்லி அடித்தார். ஒன்றைக்கூட விடவில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது மட்டும், "அனுப்பிட்டனா?" என்று என்னைக் கேட்டார்.

ஹென்ரிக்கின் பதிலுக்காக உட்கார்ந்திருந்தோம். மலர்க்கொடி கொடுத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. பதில் வந்ததும் நான் வாசித்தேன்: "நீங்கள் கண்ணால் பார்த்த கடைசிச் சோதனை எது? அங்கிருந்து தொடங்குவோம்."

திட்டவுமில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. குமரவேல் சட்டைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பேட்சின் பெயரைச் சொன்னார்.

மறுநாள் மாலை வெளியீடு. காலையில் உட்கார்ந்து இரண்டு கிளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டேன். குமரவேல் போனில் ஓர் இடத்தைச் சந்தேகப்பட்டார். அதைத் துருவியதில் காலை பாதி வீணானது. அங்கே ஒன்றுமில்லை. அந்தோணி சாப்பிடக் கூப்பிட்டபோது நான் பதில் சொல்லவில்லையாம். அவர் தட்டைக் கொண்டுவந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கடைசியில், முதன்மைக் கிளையில் இருந்த ஒரு வரி பழையதில் இல்லை என்று கண்டேன். எழுதியது டிஸ்க்கில் போய்ச் சேரும்வரை காத்திருக்கச் சொல்கிற வரி. அது எப்போதோ 'சிறு துப்புரவு' என்ற தலைப்பில் முதன்மைக் கிளையில் சேர்ந்திருந்தது. துப்புரவைப் பழைய கிளைக்கு எடுக்கக் கூடாது என்பதுதான் விதி. அதனால் யாரும் எடுக்கவில்லை. ஓட்டையை அடைக்கிற பேட்சோ, அந்த வரி இருக்கிறது என்று நம்பி எழுதப்பட்டது.

அதைச் சேர்த்தேன். அந்தோணி பிளக்கைப் பிடுங்கினார், நான் பார்த்தேன். சைபர் இல்லை. மறுபடி, மறுபடி, கார்டு மாற்றி, டிஸ்க் மாற்றி. இல்லை. ஹென்ரிக்குக்கு அனுப்பினேன்.

"வேறு யார் பார்த்தார்கள்?" என்று வந்தது.

ஒருவர் கண் போதாது என்று அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. குழுவில் மற்றவர்கள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்கள், அல்லது டிஸ்க் பகுதி தெரியாதவர்கள். மணி ஓடியது. நெல்லிக்குப்பத்துக்குப் போன் போட்டேன்.

"மெஷின் இருக்குதுங்க மேடம்" என்றார் குமரவேல். "கண்ணுக்கு எங்க போறது?"

போன் கைமாறும் சத்தம் கேட்டது. "அக்கா, நான் பாக்கறேன்" என்றார் மலர்க்கொடி. "பத்தாவது வரைக்கும் படிச்சவதான். என்னாத்தப் பாக்கணும்னு சொல்லுங்க."

குமரவேல் பேட்சை ஏற்றினார். அவர் அடிக்க, மலர்க்கொடி திரையைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சொல்ல, அவர் திருத்த. கரண்ட் போகட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. மெயின் சுவிட்சை இறக்கச் சொன்னேன். ஃபேன் நின்று அடங்குவது போனிலேயே கேட்டது. மறுபடி ஏற்றி, மெஷின் எழுந்து வந்ததும், "வலது பக்கம் நம்பரா வரும் பாருங்க. மேலேர்ந்து கீழ வரைக்கும் படிங்க. எங்கயாச்சும் வெறும் சைபர் இருந்தா சொல்லுங்க" என்றேன்.

அவர் படித்தார். நாலு சைபர் நாலு சைபர் ஒன்பது, அப்படி ஒவ்வொன்றாக. ஒவ்வொரு எண்ணும் சைபரில் தொடங்கிவிடுமோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். நடுவில் ஒரு வரியில் நின்றார்.

"இங்க ஒண்ணு சின்னதா கீதுக்கா."

"சைபரா?"

"இல்ல. ஏழு."

குமரவேலின் குரல் தள்ளியிருந்து கேட்டது: "அது நான் வெச்ச கோப்புதான், ஏழு எழுத்துதான் அதுல. நீ மேல படி."

கடைசி வரை படித்தார். மறுபடி சுவிட்சை இறக்கினோம், மறுபடி படித்தார். அவர் குரலில் அலுப்பே வரவில்லை. சைபர் இல்லை.

பேட்சின் அடியில் இரண்டு பெயர் எழுதினேன். சோதித்தவர்: ஜெயராணி. சோதித்தவர்: மலர்க்கொடி. ஹென்ரிக் கேட்டார், "மலர்க்கொடி யார்?" நான் எழுதினேன், "திரையைப் பார்த்தவர்." அதன்பிறகு அவர் எதுவும் எழுதவில்லை. குறித்த நேரத்தில் பழைய கிளை வெளியே போனது. நான் பின்னறையிலேயே தரையில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டேன்.

கதை அதோடு நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் குமரவேல் பார்க்காமல் பெயர் போட்டவற்றை எல்லாரும் பங்குபோட்டுச் சோதித்தபோது, ஒன்று கெட்டதாக இருந்தது. அது எப்போதோ வெளியே போய்விட்டிருந்தது. தென் அமெரிக்காவில் கல்யாணப் போட்டோ எடுக்கிற ஒருவர், ஒரு சீசன் படங்கள் முழுக்கப் போய்விட்டன என்று எழுதியிருந்தார். யாரையும் திட்டாமல், இதைத் திரும்பப் பெற வழி உண்டா என்று மட்டும் கேட்டிருந்தார். வழி இல்லை. குமரவேலே பதில் எழுதினார், தன் தவறு என்று. என்னிடம் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. மலர்க்கொடிதான் சொன்னார், அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று. குழுவிலிருந்து அவராகவே விலகினார். நாங்கள் போகச் சொல்லவில்லை. இருங்கள் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு, இரண்டு வீட்டில் இரண்டு பேர் பார்க்காமல் எந்த டிஸ்க் பேட்சும் போகக்கூடாது என்று ஹென்ரிக் விதி போட்டார்.

குமரவேலுக்குப் பாண்டிச்சேரியில் கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். ஒரு கண்ணில் கொஞ்சம் தேறியது, எழுத்து மட்டும் திரும்பவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, ஒரு வரிசையை எல்லாருக்கும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். எப்போதும்போல் ஆட்சேபம் வராது என்றிருந்தேன். ஒரு மெயில் வந்தது. 'நான் திரையைப் பார்ப்பதில்லை. ஒரு மென்பொருள் எனக்கு வாசித்துக் காட்டுகிறது. அதற்கேற்ற மதிப்பை என் சொல்லுக்குக் கொடுங்கள்' என்று தொடங்கி, என் பேட்ச் ஒன்றை வேண்டாம் என்று மறுத்திருந்தார் குமரவேல். அதை எழுதிய நாள்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. அவ்வளவு உழைப்பு அதில். எல்லார் முன்னிலும் மறுத்துவிட்டார். போன் போட்டு நன்றாகவே சண்டை போட்டேன். அவரும் விடவில்லை. அவர் சொன்ன காரணம் தப்பு என்று வரி வரியாகக் காட்டினேன். அப்படிக் காட்டிக்கொண்டு வரும்போதே, அவர் சொல்லாத வேறொரு ஓட்டை என் கண்ணில் பட்டது. பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டேன்.

"என்னங்க மேடம், சத்தத்தைக் காணோம்?"

"அந்தப் பேட்ச வரிசையிலேர்ந்து எடுத்துடறேன்" என்றேன்.

"கோவமா கீறீங்களா?"

"ஆமா."

"சரிங்க" என்றார். "அடுத்த வரிசைய எப்ப அனுப்புவீங்க?"